வாய்விட்டுக் கேட்காதவை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்குத் தஞ்சாவூருக்கே மாற்றல் வந்துவிட்டது. பேத்தி இப்போது எங்களோடுதான். பத்தாம் வகுப்பு.

அவளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, நன்னூலின் வினா விடைப் பகுதியிலேயே நின்றுவிட்டேன். பவணந்தியார் சொல்லும் ஆறு வினாக்களில் பாதி, எதையும் தெரிந்துகொள்ளக் கேட்பவை அல்ல. மளிகைக் கடையில் 'துவரம்பருப்பு இருக்கா?' என்றால் எடை போடச் சொல்கிறோம், கொளல் வினா. குளிரில் நடுங்குபவனிடம் 'போர்வை இல்லையா?' என்றால் கொடுக்கப் போகிறோம், கொடை வினா. 'வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?' என்பது ஏவல். விடைகள் எட்டில் கடைசி ஐந்தும் நேராகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துபவை. 'கடைக்குப் போறியா?' என்றேன். 'கால் வலிக்குது தாத்தா' என்றாள். தனக்கு நேர்ந்ததையே விடையாகச் சொல்வது, உற்றது உரைத்தல்! மாட்டேன் என்ற சொல்லே வரவில்லை.

'உப்பை எடுத்துத் தர முடியுமா?' என்ற கேள்வி எப்படிக் கோரிக்கையாகிறது என்று தத்துவ அறிஞர் ஜான் சியர்ல் 1975இல் ஆராய்ந்தார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்ததை வைத்து எதிரில் இருப்பவர் ஊகித்துக்கொள்கிறார் என்பது அவர் விளக்கம். மரியாதைப் பேச்சைப் பற்றி 1978இல் எழுதிய மொழி ஆய்வாளர்கள் பிரவுனும் லெவின்சனும் முக்கியமாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. நேராகக் கேட்காமல் குறிப்பால் உணர்த்தினால் எதிராளி சங்கடமில்லாமல் மறுக்கலாம் என்கிறார்கள். சரிதான். ஆனால் கேட்பவரின் மானமும் அதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்தி போன மாதம் மகனுக்கு போன் செய்து, 'மோட்டார் ஓடலப்பா, நாத்து காயுது' என்றிருக்கிறார். 'மெக்கானிக்கைக் கூப்பிடும்மா' என்று வைத்துவிட்டான். கல்மனசுக்காரன் இல்லை. ஊரைவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. நாற்று காய்ந்தால் என்ன ஆகும், கையில் காசில்லாமல் அம்மா என்ன செய்வார் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது. சியர்ல் சொன்ன 'பொதுவாகத் தெரிந்தது' அங்கே இல்லை. 'பணம் வேணும்னு நேராவே கேட்கக் கூடாதா சித்தி?' என்றேன். 'பெத்த பிள்ளைகிட்ட வாய்விட்டுக் கேட்கணுமா?' என்றார். வினாவெதிர் வினாதல். எனக்கு மேலே பேச வாய் வரவில்லை. அன்று இரவே அந்தத் தம்பிக்கு நான் போன் செய்து விவரம் சொன்னேன். மறுநாள் பணம் வந்துவிட்டது.

அப்புறம், கண் ஆபரேஷனுக்குப் பையனுக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் வருகிறேன். தேதி மட்டும் எழுது, முதல் நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ராமலிங்கம்