புதுநன்மைக்கு வருகைப் பதிவேடுதான் அளவுகோலா?

காவிரிப் படுகையின் பங்குத்தந்தையர்க்கும் பங்குப்பேரவையினர்க்கும், பங்கு ஆலயத்திலிருந்து தள்ளியிருக்கும் கிளைக்கிராமம் ஒன்றில் மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை எழுதும் மடல்.

பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை, அதாவது ஆண்டவரின் உடலாக நாம் ஏற்கும் அப்பம், பெறுவதே புதுநன்மை. மே மாதப் புதுநன்மைக்கான வகுப்புகள் நம் பங்குகள் பலவற்றில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தான் மும்முரமாகின்றன. சம்பா அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் பறிப்புக்கு வருவதும் அதே பங்குனி, சித்திரையில்தான். வெயில் ஏறினால் நெற்று வெடித்துவிடும் என்பதால் பெண்கள் விடியும் முன்பே வயலில் இறங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று உளுந்து காத்திருப்பதில்லை. தாய் பறிப்புக்குப் போன வீட்டில் ஒன்பது வயதுப் பெண்ணே கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவளைப் பங்கு ஆலயத்துக்கு அழைத்துவர ஆளுமில்லை, அந்நேரத்துக்குப் பேருந்துமில்லை. ஏப்ரல் இறுதியில் பதிவேட்டைத் திறந்து, வருகை குறைந்தவர்கள் அடுத்த ஆண்டு வரட்டும் என்று அறிவிக்கும்போது நின்றுபோவது பெரும்பாலும் இவளைப் போன்ற பிள்ளைகளே. ஆலயத்துக்கு எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் எழுவதேயில்லை.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பிள்ளை தன் அறிவுக்கு எட்டிய அளவில் கிறிஸ்துவின் மறைபொருளை உணர்ந்து, விசுவாசத்தோடு ஆண்டவரின் உடலைப் பெறுமளவுக்குப் போதிய அறிவும் கவனமான தயாரிப்பும் வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 913ஆம் சட்டம் கேட்கிறது. புத்தி விவரம் வந்த பிள்ளைகள் இயன்றவரை விரைவில் நற்கருணை பெறுமாறு ஆயத்தம் செய்யும் கடமையை, அடுத்துள்ள 914ஆம் சட்டம் முதலில் பெற்றோர் மீதும் அவர்களோடு பங்குத்தந்தை மீதும் வைக்கிறது. எத்தனை ஞாயிறு என்ற கணக்கு இரண்டிலும் இல்லை. பத்து, பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளைக் காக்கவைத்த பழக்கத்தைத் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து 1910ஆம் ஆண்டு ஆணை மாற்றியது. அதே காத்திருப்பை நாம் பதிவேட்டின் வழியாகத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

வருகை நிறைந்த பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தைய ஒத்திகையில், “கீழ்ப்படியவில்லை, பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன்” என்று அச்சடித்த பட்டியலை ஒரு பையன் ஒரே மூச்சில் ஒப்பித்தான். அவனுக்குத் தம்பியே கிடையாது. பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் மந்திரத்திலும் அவன் ஒரு சொல்லைத் தவறவிடவில்லை. (வெள்ளை உடுப்புக்கும் வீடியோவுக்கும் வாங்கப்படும் கடனைப் பற்றி எழுதத் தனி மடல் வேண்டும்.)

சம்பா நடவு முடிந்த கார்த்திகையிலேயே வகுப்புகளைத் தொடங்கி, பறிப்புக்கு முன் பெரும்பகுதியை முடித்துவிடலாம். கிளைக்கிராமங்களில் மாலை நேரத்தில், சிற்றாலயத்திலோ அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி செபிக்கும் அன்பியக் கூட்டம் நடக்கும் வீட்டுத் திண்ணையிலோ நடத்தினால் தாய்மாரும் உடன் உட்காருவார்கள். சட்டம் முதற்பொறுப்பை ஒப்படைத்துள்ள பெற்றோரை, இப்போது நாம் உடுப்பின் நிறத்தைச் சொல்ல மட்டுமே அழைக்கிறோம். தயாரிப்புப் போதாத பிள்ளை நற்கருணையை அணுகாதவாறு கவனிப்பதும் பங்குத்தந்தையின் பொறுப்பே. தயாரிப்புப் போதுமா என்பதைப் பிள்ளையோடு சற்று நேரம் தனியே பேசினால் அறியலாம். பதிவேடு அதைச் சொல்லாது.

ஜூன் மாதம் மறைக்கல்விக் கால அட்டவணை வரையும் கூட்டத்துக்குக் கிளைக்கிராம ஆசிரியர்களையும் அழைக்குமாறு வேண்டுகிறேன். எந்த ஊரில் எப்போது நடவு, எப்போது பறிப்பு என்பதை நாங்கள் சொல்வோம்.

இப்படிக்கு,
கிளைக்கிராம மறைக்கல்வி ஆசிரியை