பச்சைக் கம்பை வளைத்துக் கட்டினால் வில் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் அண்மையில் வில் செய்வது பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. பச்சைக் கொய்யாக் கம்பை வெட்டி, வளைத்து, இரண்டு முனையிலும் தூண்டில் நைலோனைக் கட்டினால் வில் தயார் என்று நாலு வரியில் முடித்திருந்தீர்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அன்று பின்னேரமே எங்கள் ஒழுங்கையில் ஆளுக்கொரு வில்லோடு கிளம்பிவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் எல்லாம் வளைந்தது வளைந்தபடி தொய்ந்து கிடந்தன. ஒன்று முறிந்து ஒரு பையனின் நாடியைக் கீறியும் விட்டது. பெரிய காயமில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தளபாட வேலை செய்து ஓய்வு பெற்ற ஓடாவி. கோயில் வேட்டைத் திருவிழாவுக்கும் பாடசாலை நாடகங்களுக்கும் வில் செய்து கொடுக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. நாடகத்துக்குக் கேட்பவர்கள் வில்லில் பொன்னிறக் கடதாசி சுற்றிவிடுவார்கள். உள்ளே நல்ல மரம் இருப்பது யாருக்கும் தெரியாது, அது வேறு கதை.

கலண்டர் படங்களில் இராமன் கையில் இருக்கும் வில்லைப் பார்த்துப் பார்த்து, வில் என்றாலே பிறவியிலேயே வளைந்தது என்று நினைத்துவிடுகிறோம். அந்த இரட்டை வளைவு, எய்பவரைப் பார்த்த பக்கம் எருமைக் கொம்பும் எதிர்ப்பக்கம் விலங்கின் தசைநாரும் வைத்து ஒட்டிச் செய்கிற வில்லுக்கு உரியது. விலங்குப் பசையில் ஒட்டுவார்கள். கொழும்பு மழைக்காலத்துக்கு அது தாங்காது. ஒற்றை மரத்தில் செய்கிற வில் நேரான தடிதான். நாண் ஏற்றும்போது மட்டும் வளையும், கழற்றினால் திரும்ப நிமிர வேண்டும். நிமிராவிட்டால் மரம் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

பச்சைக் கம்பு களைப்பதற்குக் காரணம் ஈரம். வில்லுக்கு முதுகு, வயிறு என்று இரண்டு பக்கம் உண்டு. எய்பவருக்கு எதிர்ப்புறம் இருப்பது முதுகு, அது இழுபடும். எய்பவரைப் பார்த்திருப்பது வயிறு, அது நெரிபடும். ஈர மரத்தின் வயிறு நெரிந்தால் நெரிந்ததுதான், திரும்பாது. வில்லுக்கு எடுக்கும் மரத்தில் ஈரம் 10 வீதமளவில் இருந்தால் நல்லது. நமது கடற்கரைக் காற்றில் எவ்வளவு காய வைத்தாலும் 15 வீதத்துக்குக் கிட்டவே நின்றுவிடும். அதனால் நான் துண்டுகளைத் தகரக் கூரைக்குக் கீழே, வளையில் கட்டித் தொங்கவிட்டு வைப்பேன். மாதக் கணக்கில் அங்கேயே கிடக்கட்டும் என்று மறந்துவிட வேண்டும்.

முதுகு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1545 இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை 1982 இல் கடலில் இருந்து தூக்கினார்கள். அதிலிருந்து முழுதாகவே 130 க்கு மேற்பட்ட வில்கள் கிடைத்தன. எல்லாம் ஆறடியைச் சுற்றியும் அதற்கு மேலும் நீளம். யூ என்ற மரத்தின் வெளிறு (பட்டைக்கு அடுத்த வெளிர் மரம்) முதுகில் வரும்படியும் வைரம் (நடுவில் உள்ள முற்றிய மரம்) வயிற்றில் வரும்படியும் செதுக்கியிருந்தார்கள். வெளிறு இழுவையைத் தாங்கும், வைரம் நெரிசலைத் தாங்கும். ஒரே மரத்துக்குள் இரண்டும் ஒட்டிப் பிறந்திருக்கிறது.

யூ மரத்துக்கு நாம் எங்கே போவது? போகவே வேண்டாம். கமுகு இருக்கிறது, கித்துள் இருக்கிறது. இரண்டிலும் வெளிப்பக்கம்தான் வலு, உள்ளே மெத்தென்ற சோறு. சலாகையாகப் பிளந்து, வெளிப்பக்கத்தை முதுகாக விட்டு, உட்பக்கத்தைச் சீவி எடுக்க வேண்டும். மரக்காலையில் பலகையாக வாங்குவதென்றால் நான் கேட்பது ஹல்மில்ல, அதாவது நம்மவர்கள் சாவண்டலை என்கிற மரம். திருகோணமலைப் பக்கத்து மரம் என்று பேர்போனது, வளைந்து கொடுக்கும். தேக்கு நாற்காலிக்கு நல்லது, வில்லுக்கு ஆகாது. முதிரையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பளபளப்பு அழகுதான், ஆனால் இழை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும்.

மொறட்டுவைப் பட்டறைகளில் கழித்துப் போடுகிற நீளத் துண்டுகளே போதும், பொறுக்கத் தெரிந்தால். கணு இருக்கக்கூடாது. இழை ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை போக வேண்டும், இடையில் பலகையின் ஓரத்தால் வெளியேறக் கூடாது. இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாதபோது நான் ஒரு வேலை செய்வேன். சீவின இடத்தில் பேனை மை ஒரு சொட்டு விட்டால், மை இழை போகிற வழியிலேயே நூல் மாதிரி ஓடும். அந்தக் கோடு பலகையின் ஓரத்தோடு சமாந்தரமாகப் போனால் வாங்கலாம். சரிந்தால் வைத்துவிட்டு வர வேண்டியதுதான். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரிந்த இழையில் வில் முறியும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்தடி நீளம், நடுவில் ஒன்றரை அங்குல அகலம், முனைக்குப் போகப் போக அரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். நாணை இழுக்கத் தேவைப்படும் பலம் 15, 20 இறாத்தலுக்கு மேல் வேண்டாம். நீளத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. நீளம் கூடினால் மரத்துக்குச் சிரமம் குறையும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. ஒரு பலகைத் துண்டின் தலையில் வில்லின் பிடியை உட்கார வைத்து, கீழே அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, நாணை இழுத்து அதில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பிடிக்கு இரண்டு பக்கமும் உள்ள வில்லின் கைகள் ஒரே மாதிரி வளைகின்றனவா? எங்கே விறைப்பாக நிற்கிறது? நிற்கிற இடத்தில் பென்சிலால் குறித்து, நாணைக் கழற்றி, வயிற்றுப் பக்கத்தில் மட்டும் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்ட வேண்டும். சீவுளி இந்தக் கட்டத்தில் கையிலேயே இருக்கக் கூடாது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் வலுவும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிப்பில் அதே அளவைக் குறைத்தால் கால்வாசிக்கு மேல் போய்விடும். சுரண்டிய பிறகு இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்து விட்டு, திரும்பவும் பலகையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். முதுகில் கை வைக்கவே கூடாது. அங்கே ஓர் இழை அறுந்தால் வில் அந்த இடத்தில்தான் பிளக்கும்.

தூண்டில் நைலோன் நாணுக்கு உதவாது. இழுத்தால் நீளும், வேகம் எல்லாம் அதிலேயே போய்விடும். நம் நாட்டு மருள் செடியின் இலையை அடித்து எடுக்கிற நார், முறுக்கினால் அருமையான நாண். தொடர்மாடி வீடுகளில் அழகுக்குத் தொட்டியில் வைக்கிறார்களே பாம்புக் கற்றாழை, அதுவும் இந்தச் சாதிதான். நார் கிடைக்காவிட்டால் சப்பாத்துத் தைக்கிறவர்களிடம் மெழுகு பூசிய தடித்த நூல் வாங்கி, பல இழையாகச் சேர்த்து முறுக்கலாம். குதையை, அதாவது முனையில் நாண் மாட்டும் வெட்டை, ஆழமாக வெட்டிவிடாதீர்கள், முனை பிளந்துவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும், அம்பின் முனையில் துணிப் பொட்டலம் கட்ட வேண்டும், அம்பு வைக்காமல் நாணை இழுத்து வெறுமனே விடக்கூடாது (போக இடமில்லாத விசை மரத்துக்குள்ளேயே திரும்பி, நல்ல வில்லும் வெடிக்கும்), விளையாடி முடிந்ததும் நாணைக் கழற்ற வேண்டும். இந்த நாலும் அதில் இருந்தால் போதும். படம் போடுவதென்றால் நேரான வில்லாக வரையச் சொல்லுங்கள். வேலை தெரிந்த ஆள் தேவைப்பட்டால், வந்து செய்து காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓடாவி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.