டோக்கன் ஓடுகிறது, நெல் நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபரில் டெல்டா மாவட்டங்களின் கொள்முதல் நிலையங்களில் குறுவை நெல் மழையில் நனைந்து முளைத்ததைத் தங்கள் நாளிதழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆன்லைன் பதிவு, கைரேகை, வங்கிக் கணக்கில் நேரடிப் பணம் எல்லாம் வந்த பிறகும் ஏன் இந்த நிலை? விவசாயி நிற்கும் வரிசைக்குக் கணினி வந்துவிட்டது. லாரி நிற்கும் வரிசை அதோடு சரியாக இணையவில்லை.

ஒரு நிலையம் நாளுக்கு 1,000 சிப்பம் (மூட்டை) நெல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிப்பம் 40 கிலோ, ஆக 40 டன். 12 டன் ஏற்றும் லாரி என்றால் தினமும் நான்கு நடை தேவை. கிடங்கில் இறக்க ஆளில்லாமல் அந்த லாரிகள் இரண்டு நாள் நின்றுவிட்டால், நிலையத்தில் அட்டி, அதாவது மூட்டை அடுக்கு, ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் நாள் மூட்டை வைக்க இடமின்றி எடை போடுவதே நின்றுவிடும். விவசாயி நெல் கொண்டுவர நாள் ஒதுக்கும் டோக்கன் மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு மறுநாளைக்கும் ஆள் கூப்பிடும். விவசாயி டிராக்டரில் கொண்டுவந்து கொட்டுவார், இரவு மழை பிடிக்கும்.

லாரிக்கு ஜிபிஎஸ் மாட்டினால் அது எங்கே நிற்கிறது என்று தெரியுமே தவிர, ஏன் நிற்கிறது என்று தெரியாது. கிடங்கு வாசலில் நுழைந்த நேரம், இறக்கி முடித்த நேரம் இரண்டும் தானாகப் பதிவாக வேண்டும். நிலையத்தில் மீதமுள்ள அட்டி இடம், கையிருப்புச் சாக்கு, சாக்கு தைக்கும் சணல், நாளை உறுதியாக வரும் லாரி ஆகியவற்றில் எது குறைவோ அதற்குத் தக்கபடிதான் மறுநாள் டோக்கன் எண்ணிக்கையை மாலை 6 மணிக்கு முடிவு செய்ய வேண்டும். சணல் தீர்ந்து கொள்முதல் நின்ற நிலையங்களும் உண்டு என்பதால் அதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

எந்தப் பிர்க்காவில் (வருவாய் உள்வட்டத்தில்) எப்போது எவ்வளவு நெல் வரும் என்பதும் முன்கூட்டியே கணிக்கக்கூடியதுதான். சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அந்த வரிசையின் ஒவ்வொரு செயற்கைக்கோளும் 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே திரும்ப வரும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் படத்தில் கறுப்பாக விழும், பயிர் வளர வளர வெளுக்கும். இதை வைத்து நடவுத் தேதியைப் பிடித்துவிடலாம். ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகம் நடவிலிருந்து 85, 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்க் காப்பீட்டுக்காக இத்தகைய படங்களிலிருந்து நெல் பரப்பைக் கணக்கிட்டு வருகிறது. அதே கணக்கு சாக்கு, லாரி ஒதுக்கீட்டுக்கும் பயன்படும். புழுதியில் நேரடி விதைப்பு செய்த வயலில் மட்டும் அந்தக் கறுப்பு விழாது. அங்கே வேளாண் உதவி அலுவலர் களத்தில் பார்த்துத்தான் தேதியைத் திருத்த வேண்டும்.

நிலையத்தில் தகராறு தொடங்கும் இடம் ஈரப்பத மானி. அது ஈரத்தை நேராக அளப்பதில்லை. தண்ணீருக்கும் காய்ந்த தானியத்துக்கும் உள்ள மின்பண்பு வேறுபாட்டை வைத்துக் கணக்கிட்டுச் சொல்கிறது. காலைப் பனி படிந்த நெல்லைப் போட்டால் உமியின் மேல் ஈரத்தால் கூடுதலாகக் காட்டும். நனைந்த நெல்லை அவசரமாக வெயிலில் காயப்போட்டு உடனே கொண்டுவந்தால் குறைத்துக் காட்டும், உள்ளிருக்கும் ஈரம் மறுநாள் சாக்குக்குள் வெளியே வரும். பதரோடு போட்டாலும், நெல்லுக்குப் பதில் அரிசிக்கான எண்ணை அழுத்தினாலும் அளவு தவறும். எனவே குவியலின் நாலைந்து இடத்தில், மேற்புறத்திலும் அடியிலும், மாதிரி எடுத்துக் கலந்து, தூற்றிய பிறகு மூன்று முறை அளந்து சராசரி போட வேண்டும். அந்த மூன்று எண்ணும் கையால் எழுதப்படாமல் மானியிலிருந்து நேராகக் கணினிக்குப் போய், விவசாயி கையில் சீட்டாக வர வேண்டும். அனுமதிக்கும் ஈர வரம்பு 17 சதவீதமோ, தளர்த்திய அளவோ, சண்டை பாதி குறையும்.

எடைக்கும் இது பொருந்தும். சாக்கு எடை 580 கிராம் சேர்த்து 40 கிலோ 580 கிராமில் தராசு நிற்க வேண்டும். ஒரு கிலோ கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்ற புகாருக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 38.6 கிலோதான் இருக்கும். 1.4 கிலோ காற்றோடு போய்விடுகிறது. அந்தக் குறைவு தன் தலையில் விழுமோ என்று நிலையத்தில் கொள்முதல் கணக்கு எழுதும் பட்டியல் எழுத்தர் முன்கூட்டியே விவசாயியிடம் பிடித்து வைத்துக்கொள்கிறார். இதை நியாயம் என்று சொல்லவில்லை. வாங்கும்போதும் ஏற்றும்போதும் ஈரமும் எடையும் பதிவானால், காய்ந்தது எவ்வளவு, காணாமல் போனது எவ்வளவு என்று பிரித்துவிடலாம்.

கிடங்கில் அட்டிக்குள் வெப்பம், வாயு அளக்கும் உணரிகள் வைக்கலாம் என்று சிலர் சொல்லும் யோசனை நல்லதுதான். நெல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அட்டியின் நடுவில் சூடேறினால் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு உணரி பூச்சியையும் பூஞ்சையையும் வெப்பமானிக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். ஆனால் வைஃபை அலையை ஈர நெல் விழுங்கிவிடும், அதனால் 865 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் இயங்கும் லோரா என்ற தொலைதூர வானொலிக் கருவிதான் சரி. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. புகைமூட்டத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு செம்பை அரிக்கும். மூடி அடைக்காத உணரியின் மின்சுற்று சில முறை புகைமூட்டம் போட்டதுமே செத்துவிடும்.

மூட்டைக்கு மூட்டை க்யூஆர் குறி என்பது சணல் சாக்கில் எடுபடாது. தூசியும் கொக்கியும் அதை ஒரு நடையிலேயே கிழித்துவிடும். அட்டிக்கு ஒன்று, லாரிச் சீட்டுக்கு ஒன்று போதும். எழுதியதைப் பிறகு மாற்ற முடியாத பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேடு பற்றியும் பேசுகிறார்கள். தப்பாக எழுதியதை அது தப்பாகவே பத்திரமாக வைத்திருக்கும். முதலில் தராசையும் மானியையும் பாருங்கள்.

கோயில் நிலத்தில் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோருக்கு அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற கிராமக் கணக்கு) கிடைப்பதில் தாமதம் இருக்கும்வரை எந்தச் செயலியும் அவர்களுக்கு மூடிய கதவுதான். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்குக் கைப்பேசிக் கடவு எண் வசதி எல்லா நிலையங்களிலும் வேண்டும்.

சம்பா அறுவடைக்கு முன் ஒரே ஒரு வட்டத்திலாவது டோக்கனையும் லாரி நகர்வையும் இணைத்துப் பார்க்கலாம். எல்லா மானிகளையும் நெல்லை ஆய்வகத்தில் உலர்த்தி ஈரம் காணும் முறையோடு ஒப்பிட்டு, சரிபார்த்த தேதியை மானியின் மேலேயே விவசாயி படிக்கும் இடத்தில் ஒட்டலாம். இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தானிய அளவை, சேமிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
தஞ்சாவூர்.