டெமோ பதிவுக்கு முதல் செலவு அறைக்கு இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வள்ளி கும்மிக்குப் பாட்டுக் கட்டுவோர், உறுமி, பம்பை வாசிப்போர், சினிமாவில் பாட வாய்ப்புத் தேடுவோர் என்று நம் கொங்குப் பகுதியில் வீட்டிலேயே டெமோ, அதாவது வாய்ப்புக் கேட்டு அனுப்பும் மாதிரிப் பாட்டு, பதிவு செய்யும் இளையவர்கள் பலர் இருக்கிறார்கள். கையில் சேர்ந்த பணத்தில் முதலில் கண்டென்சர் மைக் வாங்கிவிடுகிறார்கள். பத்துக்குப் பத்து தார்சு அறையில் அந்த மைக்கை வைத்தால் குரலோடு சுவரின் எதிரொலியும், மின்விசிறியும், தெருவும் சேர்ந்தே பதிவாகும். கண்டென்சர் நுட்பமாகக் கேட்பதுதான் அங்கே வினை. அந்த அறைக்கு, மேடையில் கையில் பிடித்துப் பாடும் சாதாரண டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைத்துப் பாட வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறைச் சத்தமோ குறையாது. கிட்ட வைத்துப் பாடும்போது அடிக்குரல் கனத்துப் போகும். மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடிச்சத்தத்தை வடிகட்டினால் அது ஓரளவு குறையும்.

பவானி ஜமுக்காளம் வீட்டுக்கு வீடு உண்டு. எதிரொலியைக் குறைக்க அதை மைக்குக்குப் பின்னால் கட்டுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். மைக் கேட்பது தன் முன்பக்கத்தை. ஆகவே பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலும் இரு பக்கமும் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று மடிப்பாக, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. தள்ளி இருந்தால்தான் அசையும் காற்று துணியில் உரசி ஒலி அடங்கும். அப்படியும் ஜமுக்காளம் மேல்சுர எதிரொலியைத்தான் குறைக்கும். மூலையில் திரளும் அடிச்சத்தத்துக்குப் பஞ்சு மெத்தையை நிறுத்தி வைக்கலாம்.

சோமனூர், பல்லடம் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். விசைத்தறியின் அதிர்வு தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வருகிறது. எத்தனை மெத்தை அடுக்கினாலும் அது நிற்காது. துணி எதிரொலியை உறிஞ்சுமே தவிர வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தடுக்க எடையான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். தறிக்குடோனுக்குத் தள்ளி, உறவினர் தோட்டத்துச் சாளை ஏதாவது இருந்தால் அங்கே போய்ப் பதிவு செய்வது மேல். கிணற்று மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன் பத்து விநாடி வெறும் அறையைப் பதிந்து, ஹெட்போனில் கேட்டாலே பாதிக் குறை தெரிந்துவிடும். 'ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சலைப் பிறகு மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், துடைத்த குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

பதிவு மென்பொருளின் அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். உச்சத்தில் பாடும்போதும் மென்பொருள் காட்டும் ஒலி அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பூச்சியத்தைத் தொட்டு உடைந்த ஒலியை முழுதாக மீட்க முடியாது. குறைவாகப் பதிந்ததை ஏற்றிக்கொள்ளலாம். உறுமிக்கும் பம்பைக்கும் மைக்கை மூன்றடி தள்ளி வையுங்கள். செல்போனில் பதிந்தால் அடி விழும்போதெல்லாம் போன் தானாக ஒலியைக் குறைத்து ஏற்றும். தாளம் மூச்சு வாங்குவது போலாகும். சில போன்கள் சுருதிப்பெட்டியின் நீண்ட ஒலியையே இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும்.

வேகத்தையும் கட்டையையும் (பாடும் சுருதி) முன்பே முடிவு செய்ய வேண்டும். மேல் ஸ்தாயி வரியைப் பத்தாம் முறையும் சிரமமின்றிப் பாட முடிகிற கட்டையே உங்கள் கட்டை. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமுக்கு முதலில் ஒரு மாதிரிக் குரல், அதன்மேல் தாளம், கடைசியில் முழுப் பாட்டாக மூன்று முறை நிஜக் குரல் என்று போங்கள். ஹெட்போன் காதை மூடுவதாக இருக்க வேண்டும். இல்லையேல் 'டிக் டிக்' மைக்கில் ஏறிவிடும்.

டெமோவுக்கு மூன்று பாட்டு, மொத்தம் பத்து நிமிடத்துக்குள். முன்னிசையைச் சுருக்கி, இருபது விநாடிக்குள் குரல் வந்துவிட வேண்டும். இணையத்தில் எடுத்த கரோக்கி இசை இன்னொருவர் உரிமை. ஆர்மோனியமோ சுருதியோ மட்டும் வைத்துப் பாடினால் குரலும் தெளிவாகத் தெரியும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் ஒலி நசுங்கும். 320 கேபிபிஎஸ் எம்பி3-யாக மாற்றி, 'டாக்குமெண்ட்' வழியே அனுப்புங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பாட்டின் பெயரும் இருக்கட்டும்.

வீட்டில் இதற்கெல்லாம் இடமில்லாத பிள்ளைகளே அதிகம். ஈரோடு, கரூர் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் கோவை அரசு இசைக் கல்லூரியிலும் தலா ஓர் அறையை, தடித்த கதவு, இரண்டு மைக், ஒரு கணினியுடன், விடுமுறை நாட்களில் வெளிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடக் கலை பண்பாட்டுத் துறை முன்வர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பணியாளர்கள் சிலர்,
சோமனூர்.