தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த் ஓட்டுநர் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயிற்சியாளர்களே, வணக்கம்.

போன புரட்டாசிச் சனிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது, ஹிகின்சன் நெடுஞ்சாலையில் முன்னால் நின்றுவிட்ட ஒரு டாக்ஸியின் பின்புறத்தில் என் கார் மோதியது. பக்கத்தில் அம்மா, மடியில் சர்க்கரைப் பொங்கல் தூக்கு. சீட் பெல்ட் அம்மாவின் உயிரைக் காத்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது.

குளிர்காலம் கழிந்து பெய்த முதல் மழை அது. மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சாலை வழவழவென்று கிடந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பாதத்துக்கு அடியில் பெடல் தடதடவென்று அதிர்ந்தது, கரகரவென்று சத்தம் வேறு. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் அமைப்பு வேலை செய்தால் அப்படித்தான் அதிரும் என்று பிறகு மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. நான் லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது!

மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். காலை எடுத்த அந்த ஒரு நொடிதான் அம்மாவின் எலும்பு.

சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி நேரேதான் வழுக்கும். பூட்டவிடாமல் ஏபிஎஸ் நொடிக்குப் பல முறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அதனால்தான் திருப்ப முடிகிறது. இடப்பக்கம் சாலையோர மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒரு கார் நுழைய இடம் இருந்தது. நான் டாக்ஸியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் போன இடத்துக்கே கையும் போயிற்று.

ஏபிஎஸ் இல்லாத பழைய கார்கள் நம் வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் சக்கரம் பூட்டினால் பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, உருண்டதும் மறுபடி அழுத்த வேண்டும். மாணவர் எந்தக் காரை ஓட்டப்போகிறார் என்று முதல் நாளே கேளுங்கள்.

2013 செப்டம்பர் 5 அன்று டர்பனுக்கு அருகே பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த லாரி 24 உயிர்களைப் பறித்தது. அதன் பிறகும், பிரேக் பிடிக்காவிட்டால் கீழ் கியருக்கு இறங்கு, ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழு, சாவியைத் திருப்பி அணைக்காதே என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

என் தேர்விலும் அவசர நிறுத்தம் இருந்தது. காய்ந்த சாலை, மெதுவான வேகம். பெடல் அதிரவே இல்லை. ஒவ்வொரு மாணவரையும் ஒருமுறையாவது ஈரத் தரையில் முழு பலத்தோடு மிதிக்க வையுங்கள். எங்கள் கோயிலின் பின்புற வண்டி நிறுத்துமிடம் வார நாட்களில் காலியாகத்தான் இருக்கிறது. நிர்வாகக் குழுவிடம் பேசிவிட்டேன், தரச் சம்மதித்தார்கள். தண்ணீர் பாய்ச்சக் குழாயும் அங்கேயே இருக்கிறது.