மைனர் லீக் எண்களைப் படிக்கும் விதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலின் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கில் கொடிகட்டிப் பறந்த ஓர் இளைஞர் உச்சநிலையான மேஜர் லீக்கில் தடுமாறும்போதெல்லாம், அவருக்கு மனவுறுதி போதவில்லை என்று விளையாட்டுச் செய்திகளில் எழுதப்படுவது வருத்தமளிக்கிறது. பெரும்பாலும் காரணம் அவருடைய குணத்தில் இல்லை. கீழ்நிலையில் அவர் குவித்த எண்கள் எத்தகைய பந்துவீச்சை எதிர்கொண்டு வந்தவை என்பதில்தான் இருக்கிறது.

பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து, பேட்டர் அருகே நின்று ஆடும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலத் தொலைவில் உள்ளது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து அதை ஏறக்குறைய 0.4 வினாடியில் கடந்துவிடுகிறது. கீழ்நிலை பிட்சர்களில் பலருக்கு வேகம் உண்டு, ஆனால் வளைபந்தை நினைத்த இடத்தில் இறக்கத் தெரியாது. ஆகவே பேட்டர் வேகப்பந்துக்காகக் காத்திருந்து விளாசலாம். மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ நிலையிலிருந்து நிலைமை மாறுகிறது. பேட்டர் அடித்தாக வேண்டிய ஸ்ட்ரைக் பகுதிக்குள் வருவதுபோல் தோன்றிக் கடைசி நொடியில் விலகிச் சரியும் ஸ்லைடர் என்ற பந்தை விட்டுவிடும் கண் அவருக்கு இருக்கிறதா என்பதே அங்கே கேள்வி. மேஜர் லீக்கிலோ, அவருடைய பலவீனத்தைக் காணொளிகளில் கண்டுபிடித்து எல்லா அணிகளும் அதே இடத்தில் வீசத் தொடங்கிவிடுகின்றன.

பிராண்டன் வுட் என்ற இளம் வீரர் 2005ஆம் ஆண்டு மைனர் லீக்குகளில் ஒன்றான கலிஃபோர்னியா லீக்கில் 43 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் வேலிக்கு வெளியே பந்தை விளாசி எடுப்பவை) அடித்தார். பேட்டர்களுக்குச் சாதகமானது என்று பெயர்பெற்ற லீக் அது. அதே பருவத்தில் அவர் நூறு முறைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆனதை, அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழந்ததை, அன்று பலரும் பொருட்படுத்தவில்லை. மேஜர் லீக்கில் அவருடைய மொத்த ஹோம் ரன்கள் 18, பேட்டிங் சராசரி .186 (ஆயிரம் அட்-பேட்களுக்கு, அதாவது கணக்கில் சேரும் பேட்டிங் முறைகளுக்கு, 186 ஹிட்கள்; ஹிட் என்பது பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது).

மனவுறுதிதான் குறை என்போர் மைக்கேல் ஜோர்டனை எண்ணிப் பார்க்கட்டும். கூடைப்பந்தில் அவரைவிட உறுதி படைத்தவரைக் காட்டுவது கடினம். 1994இல் பேஸ்பாலுக்கு வந்து டபுள்-ஏ நிலையிலுள்ள பர்மிங்காம் பேரன்ஸ் அணிக்கு ஆடிய அவர், தொடக்கத்தில் 13 ஆட்டங்களில் தொடர்ந்து ஹிட் அடித்தார், வளைபந்துகள் பெருகியபின் .202 சராசரியோடும் 114 ஸ்ட்ரைக் அவுட்களோடும் பருவத்தை முடித்தார்.

முதல் தடுமாற்றத்தையே இறுதித் தீர்ப்பாக எழுதிவிடுவதும் நியாயமாகாது. ஆரன் ஜட்ஜ் 2016இல் மேஜர் லீக்கில் நுழைந்தபோது 84 அட்-பேட்களில் 42 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அடுத்த ஆண்டே 52 ஹோம் ரன்கள் அடித்து மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரரானார்.

எனவே, இளம் வீரர்களைப் பற்றி எழுதும்போது ஹோம் ரன் எண்ணிக்கையை மட்டும் தராமல், அவர்களுடைய வயது, ஆடும் நிலை, ஸ்ட்ரைக் அவுட், வாக் (ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே வந்த நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் தளத்தைப் பெறுவது) ஆகியவற்றையும் அதனோடு சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2019இல், மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ ஆட்டங்களில் மேஜர் லீக் பந்தைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஹோம் ரன்கள் திடீரெனப் பெருகின என்பதால், அந்த ஆண்டின் எண்களோடு இந்த விவரத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்