மீட்டர் கேபிள் போட்ட கூச்சல்

மிச்சிகன்
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு வீடியோவில் என் கையைப் பார்த்துவிட்டு அம்மா "என்னடா நகமெல்லாம் கருப்பு?" என்று கேட்டதும் பிரிண்டர் மை என்று சொன்னேன் இல்லையா, அது பொய். கிரீஸ். மே மாதமே ஒரு பழைய வண்டி வாங்கிவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். விலையை இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

1966 மாடல் ஷெவர்லே சி10 பிக்கப். பிக்கப் என்றதும் நம்ம ஊர் குட்டியானையை நினைத்துக்கொள்ளாதீர்கள், பானெட்டே ஒரு கட்டில் அகலம் இருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின், வரிசையாக நிற்கும். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தரை தெரிகிறது, கை தாராளமாகப் போகிறது, நீங்கள் பார்த்தால் இறங்கவே மாட்டீர்கள். மூன்றே கியர், லீவர் அம்பாசிடர் மாதிரி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். தகட்டில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரில் எஃப் என்று ஒரு எழுத்து வருகிறது, அப்படியென்றால் பிளின்ட் ஊர் ஆலையில் செய்தது என்று அர்த்தம். ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் ஆரம்பித்தது அந்த ஊரில்தான், இங்கிருந்து ஒரு மணி நேரம். எனக்கு விற்ற பெரியவரும் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். ஓடின மைல் எவ்வளவு என்று கேட்டேன், மீட்டரைக் கைகாட்டிச் சிரித்தார். அதில் அஞ்சு இலக்கம்தான், லட்சம் வந்தால் திரும்பப் பூஜ்யத்துக்குப் போய்விடும். எத்தனை சுற்று போனதோ!

வண்டியில் பெரிய குறை ஒன்றும் இல்லை, ஒரு சத்தம் தவிர. முப்பது மைல் தாண்டினால், அதாவது நம்ம கணக்கில் அம்பது கிலோமீட்டர் பக்கம், டாஷ்போர்டுக்குள் யாரோ கிளிக்குஞ்சை அடைத்து வைத்த மாதிரி கீச் கீச் என்று கத்தும், வேகம் ஏற ஏறக் கத்தலும் நெருங்கும், முள் முப்பத்தஞ்சுக்கும் அம்பதுக்கும் நடுவே சாமியாடும். காலையில் குளிராக இருந்தால் இன்னும் மோசம், வண்டி சூடான பிறகு கொஞ்சம் அடங்கும். நான் முதலில் ஃபேன் பெல்ட் என்று நினைத்தேன், அப்புறம் வீல் பேரிங். நீங்கள் பட்டறையில் நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பீர்களே, அதையும் செய்து பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஆளில்லாத ரோட்டில் நியூட்ரலில் உருள விட்டேன். எஞ்சின் ஐட்லிங்குக்கு வந்துவிட்டது, ஆனால் கீச்சல் அப்படியே இருந்தது, வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. சரி, எஞ்சின் இல்லை. கியர் பாக்ஸிலிருந்து வேக மீட்டருக்கு வருகிற கேபிளின் இன்னரை, அதாவது உறைக்குள் சுற்றும் கம்பியை, உருவி வைத்துவிட்டு ஒரு சுற்று போனேன். கப்சிப். முள் செத்துக் கிடந்தது, சத்தமும் செத்துவிட்டது.

அந்த இன்னரை உருவுவது பெரிய வேலை இல்லை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். மீட்டருக்குப் பின்னால் சொரசொரப்பான ஒரு நட்டு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. சீட்டில் முதுகை வைத்து, தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, காலைக் கதவுக்கு வெளியே நீட்டி, ஒரே கையை மேலே விட்டு ஒயர்களுக்கு நடுவே தடவித் தடவி விரல் நுனியால் திருக வேண்டும். தகட்டு விளிம்பில் முழங்கையைக் கிழித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போனது. நட்டு விட்டதும் இன்னரை மேலே இழுத்தால் பாம்பு மாதிரி முழுசாக வந்துவிடுகிறது, கியர் பாக்ஸ் பக்கம் கழற்றவே வேண்டாம். வந்தது காய்ந்து போய், பழைய கிரீஸ் தார் மாதிரி கட்டி, நடுநடுவே துரு.

இங்கேதான் உங்கள் மகன் புத்தியைக் காட்டினான். பெட்ரோலில் கழுவி, வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸை அடியிலிருந்து நுனி வரைக்கும் அப்பி உள்ளே தள்ளிவிட்டேன். இரண்டு வாரம் வெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்றாவது வாரம் சிக்னலில் நிற்கிறேன், மீட்டர் அறுபது காட்டுகிறது.

பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. நீங்கள் கேபிள் நூறு மாற்றியிருப்பீர்கள், மீட்டருக்குள் பிரித்துப் பார்த்தீர்களா தெரியாது, அதனால் எழுதுகிறேன். கேபிள் நுனி உள்ளே ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. இந்த ஊர்க் கணக்கில் ஒரு மைலுக்கு ஆயிரம் சுற்று, அறுபது மைல் வேகத்தில் நிமிஷத்துக்கு ஆயிரம். காந்தத்தை ஒட்டி, ஆனால் தொடாமல், மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று. முள் அதில்தான் இருக்கிறது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் மின்சாரம் சுழன்று அது பின்னாலேயே இழுபடும், தலைமயிர் மாதிரி ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். இன்னர் முறுக்குக் கம்பிதானே, சுற்றும்போது கிரீஸை ஸ்க்ரூ மாதிரி மேலே ஏற்றிவிடுகிறது. நான் அப்பியதெல்லாம் ஏறி, தொடக்கூடாத அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டது. காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டால் முள் எங்கே இறங்கும்?

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் துடைத்தேன். அந்த ஸ்பிரிங் பக்கம் மூச்சுக்கூட விடவில்லை. சுற்றுகிற தண்டுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

அப்புறம் இன்னரைச் சாப்பாட்டு மேஜைக் கண்ணாடியில் வைத்து உருட்டினேன். நேராக இருந்தால் ஒரே சீராக உருள வேண்டும், இது ஒரு இடத்தில் துள்ளித் துள்ளி விழுந்தது. மேல் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி லேசான மடிப்பு. முள் ஆடினதற்கு அதுதான் காரணம். மடிப்பு எப்படி வந்தது என்று தேடினால், பானெட்டுக்குள் யாரோ புண்ணியவான் கட்டுக்கம்பி போட்டுக் கேபிளை வெடுக்கென்று வளைத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். உலகம் பூராவும் கட்டுக்கம்பிதான் போலிருக்கிறது.

புதுசு வாங்கினேன், அவுட்டரோடு. இந்தத் தடவை அதற்கென்று விற்கிற கிராஃபைட் கிரீஸ், விரலில் பூசின மாதிரி மெல்லிசாக, கீழே மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும். மேல் பங்கு காய்ந்தே இருக்கட்டும், தானாக ஏறிக்கொள்ளும். தகடு வழியாக உள்ளே நுழைகிற இடத்தில் புது ரப்பர், சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளி, அகலமான வளைவு. சதுர நுனி கியர் பாக்ஸ் பக்கம் பல்லில் உட்காரும் வரைக்கும் லேசாகத் திருகிக்கொண்டே தள்ள வேண்டியிருந்தது, உட்கார்ந்ததும் அரை விரல்கடை பொசுக்கென்று இறங்கியது. அந்த இறக்கம் கையில் தெரிந்தபோது கத்திவிட்டேன்.

இப்போது முள் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. நேற்று பான்டியாக் ஊர்ப் பராசக்தி கோயிலுக்கு அதில்தான் போனேன், தேங்காய் உடைத்து டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இன்னும் ஒரு மாதம்தான் ஓட்ட முடியும். பனி விழுந்தால் ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, உப்புக்கா பஞ்சம்? அதில் ஓட்டினால் தகடு அரித்துப் போகும், மார்ச் வரை ஷெட்டில்தான்.

சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன், லீவு இன்னும் உறுதியாகவில்லை.

இன்னொன்று. கீச்சல் போன பிறகுதான் அதற்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது தெரிகிறது. நாற்பத்தஞ்சு மைலில் டிக் டிக் என்று, வலது பக்கம், கிளட்சை மிதித்தாலும் போவதில்லை. போனைக் கால் வைக்கிற இடத்தில் போட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன பிறகு கூப்பிடுகிறேன், ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பின் சக்கரத்துக்குப் போகிற தண்டின் மூட்டு, அந்த யு ஜாயிண்ட் மேல் சந்தேகம்.

உங்கள் மகன்